என்ஏ (NA, விடுபட்ட மதிப்பு) வந்தால், எங்கே வந்தது என்று பாருங்கள்: உங்கள் அனுபவம்?

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கும்போது, அதோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி தரவைத்தான் எடுப்பேன். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க் காற்றின் அளவுகள், 153 நாள். ஓசோன் பத்திக்கு மீன் (mean, சராசரி) போட்டால் என்ஏ என்றுதான் பதில் வரும். வகுப்பில் ஒரு மாணவி என்ஏ.ஆர்எம் = ட்ரூ (விடுபட்டவற்றை விட்டுவிட்டுக் கணக்கிடு) சேர்த்து 42.13 என்று எடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தாள். "எத்தனை நாள் விடுபட்டிருக்கு, எந்த மாசத்துல?" என்று கேட்டேன். எது என்ஏ என்று காட்டும் இஸ்.என்ஏ-வைக் கூட்டினாள்: 37. மாதவாரியாகப் பிரித்ததும் அவளே பதறிவிட்டாள்: "மேம், ஜூன்ல மட்டும் 21 நாள் இல்லையே!"

ஆக, 42.13 என்பது ஜூன் மாதம் பெரும்பாலும் இல்லாத சராசரி. வெற்றிடங்களில் அதையே நிரப்பிவிடலாமே என்றான் இன்னொரு மாணவன். ஜூனில் கையில் இருக்கும் 9 நாளின் சராசரி 29.44தான். நிரப்பினால் 38-ஐத் தாண்டிவிடும். அளக்காத காற்றை அளந்ததாகக் காட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. விடுபட்ட நாட்கள் எல்லா மாதத்திலும் பரவலாக இருந்தால் வேறு பேச்சு.

—

அக்கா, அதே ஓசோன் பத்தியை வடிகட்டும்போதும் ஒரு சிக்கல் உண்டு. 100-க்கு மேல் போன நாட்களைச் சதுர அடைப்புக்குள் நிபந்தனை போட்டு எடுத்து நீளம் பார்த்தால் 44 வரும். உண்மையில் 7 நாள்தான், மிச்சம் 37-ம் என்ஏ. மதிப்பே தெரியாதபோது அது 100-ஐவிடப் பெரிதா என்றால் ஆர் என்ன சொல்லும்? தெரியாது என்றுதான் சொல்லும், அதுதான் நேர்மை. நிபந்தனை உண்மையாகும் இடங்களை மட்டும் தரும் விச்-சுக்குள் (which) அதைப் போட்டால் 7 மட்டும் வரும். இரட்டைச் சமக்குறி போட்டு என்ஏ-வைத் தேட முடியாததும் இதனால்தான். என்ஏ-வை என்ஏ-வோடு ஒப்பிட்டாலும் விடை என்ஏ.

—

எனக்கு நேர்ந்தது தலைகீழ். நாடுகளின் ஈரெழுத்துக் குறியீடு உள்ள ஒரு கோப்பை ரீட்.சிஎஸ்வி வழியாகத் திறந்தால் ஆப்பிரிக்காவில் ஒரு நாடு விடுபட்டிருந்தது. நமீபியா! அதன் குறியீடே என்ஏ. ஒரு நாட்டின் குறியீட்டையே ஆர் விடுபட்ட மதிப்பாக எடுத்துக்கொண்டது. எந்த எழுத்துகளை என்ஏ-வாக எடுக்க வேண்டும் என்று சொல்லும் என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுத்ததும் நமீபியா திரும்பி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: எண் பத்திகளில் யாராவது என்ஏ என்று தட்டச்சு செய்திருந்தால், இப்படித் திறந்த பிறகு அந்தப் பத்தி எண்ணாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாகியிருந்தால் ஆஸ்.நியூமெரிக் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.