ஆபீஸ் மெயிலை சொந்த சர்வருக்கு மாற்றுகிறோம்: காலண்டர், பிடிஆர் இரண்டிலும் உதவி தேவை (கிருஷ்ணகிரி)

வணக்கம் நண்பர்களே. மாம்பழக்கூழ் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றின் 32 மெயில் பெட்டிகளை டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்ப, வாங்க), டவ்காட் (பெட்டியிலுள்ள மெயிலை எடுத்துக் கொடுக்க), சோகோ (SOGo; வெப்மெயில், காலண்டருக்கு) போட்டு மாற்றிக்கொண்டிருக்கிறோம். சீசன் தொடங்குமுன் முடிக்க வேண்டும்.

பழைய மெயில்கள் ஐமேப்சிங்க் (மெயில்களை சர்வர் விட்டு சர்வர் நகலெடுக்கும் கருவி) வழியாக வந்துவிட்டன. ‘சென்ட்’, ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று இரண்டு ஃபோல்டர் விழுந்தது. அதிலேயே ஆட்டோமேப் (ஒரே வகை ஃபோல்டர்களைப் பொருத்தும் ஆப்ஷன்) கொடுத்ததும் சரியானது.

சிக்கல் காலண்டரில். ஐசிஎஸ் (காலண்டர்) கோப்பில் நேர மண்டலம் ‘இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்’ என்று விண்டோஸ் பெயரில் இருக்கிறது. புது சர்வர் அதை யுடிசியாக (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்வதால் காலை 10 மணி கூட்டம் பிற்பகல் 3.30க்குப் போய் நிற்கிறது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றினால் நேரம் சரி. ஆனால் தொடக்க நேர வரியில் மட்டும் மாற்றினால் எக்ஸ்டேட் வரி (தொடர் கூட்டத்தில் ரத்தான தேதிகளைச் சொல்வது) பொருந்தாமல், ரத்தான கூட்டங்கள் திரும்ப முளைக்கின்றன. எல்லா வரியையும் சேர்த்து மாற்றும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா?

அடுத்து பிடிஆர், அதாவது ஒரு ஐபி எந்த சர்வர் பெயருக்கு உரியது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு. மெயில் எங்கள் டொமைனுடையதுதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகள் இரண்டும் பாஸ். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் பிடிஆரும் கேட்கிறது. எங்கள் ஸ்டாட்டிக் ஐபிக்கு அது இல்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இன்டர்நெட் லைன் கொடுப்பவரிடம் பிடிஆர் வாங்கியவர்கள் எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் வெளியே போகும் மெயிலுக்கு மட்டும் ரிலே (வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது) வைக்கலாமா? வெளிநாட்டுக்குப் போகும் இன்வாய்ஸ் ஒன்றுகூட ஸ்பேமில் விழக்கூடாது.