கண்டாங்கிச் சேலையில் அரங்கேற்ற உடை தைக்க முடியுமா?

கேள்வி (தேவகோட்டை)

வருகிற தை மாதம் என் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். நிகழ்ச்சியின் முக்கிய உருப்படியான வர்ணத்திற்கான உடையைப் புதுப் பட்டில் எடுக்காமல், எங்கள் அப்பத்தா பின்கொசுவம் வைத்துக் கட்டிய அரக்கும் மஞ்சளுமான பருத்திக் கண்டாங்கியிலேயே தைக்க வேண்டும் என்பது என் ஆசை. கரை இன்னும் உறுதியாக இருக்கிறது. உடல் பகுதியில் மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் நூல் நைந்திருக்கிறது. பருத்தியில் விசிறி (முன்புறம் விரியும் மடிப்பு) நிற்காது என்று ஒரு தையற்கடையில் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதானா?

மறுமொழி (நாட்டிய உடை தைப்பவர், காரைக்குடி)

ஆச்சி, நிற்காது என்பது முழு உண்மையன்று. பட்டு மடிப்பு, பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டியில் முழங்கால்கள் விலகும்போது விரிந்து, நிமிர்ந்ததும் கூடிக்கொள்ளும். பழைய கண்டாங்கியின் நூல் தடிமனானது என்பதால், அதே எண்ணிக்கையில் மடிப்பு வைத்தால் இடுப்பருகே புடைத்து நிற்கும். எனவே மடிப்புகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அகலமாக்கி, உட்புறம் மெல்லிய நாடாவைக் குறுக்கே ஓட்டிப் பிணைக்க வேண்டும். விசிறியின் அடியில் அந்த அகலக் கரை வந்தால் தனி அழகுதான். ஆனால் நைந்த துணியில் கால்சட்டைப் பகுதியைத் தைக்கவே கூடாது. முழுமண்டியில் உட்காரும்போது இழுபடும் முதல் இடம் அதுதான். அளவெடுக்கும்போதும் மகளை நிற்க வைத்து மட்டும் எடுக்காமல், மண்டியில் இருக்கச் செய்தும் எடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (நாட்டிய ஆசிரியை, காரைக்குடி)

பருத்தி மரபுக்கு ஒத்து வருமா என்ற தயக்கம் தங்களுக்கு வேண்டாம். இன்று மரபு என்று நாம் கருதும் விசிறி வைத்துத் தைத்த உடைக்கே நூறு வயது ஆகவில்லை. பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் ஆடியவர்கள் கால்சட்டையின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டியே ஆடினார்கள். அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையாரும் புடவைக்கட்டை விடவில்லை. 1935-இல் அடையாற்றில் மேடையேறிய ருக்மிணி தேவி, கோயில் சிற்பங்களைக் கருத்தில் கொண்டு, இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் துணையோடு புதிய உடையை அமைத்தார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியில் பின்னர் நெசவுக்கூடமும் அமைந்ததால், துணியும் கரையும் வண்ணமும் ஆடலோடு சேர்த்தே சிந்திக்கப்பட்டன. இன்று தறியை மறந்துவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் செயற்கைப் பட்டு உடையை வாடகைக்கு எடுத்து ஆடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. கண்டாங்கியின் அரக்கு மேடை விளக்கில் ஆழமாகத் தெரியும். சரிகைக் கூச்சம் இல்லாததால் கைமுத்திரையிலிருந்து பார்வை விலகாது.

மறுமொழி (கண்டாங்கி நெசவுக் குடும்பத்தவர், காரைக்குடி)

தையற்காரர் சொல்வது சரியே என்றாலும், ஆச்சி, அப்பத்தாவின் சேலையில் கத்தரி வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அதே கரை, அதே கட்டத்தை மெல்லிய பருத்தி நூலில் புதிதாக நெய்து வாங்கலாம், பட்டிலும் நெய்கிறோம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் எங்கள் தெருவில் இளையவர்கள் தறியில் உட்காரத் தயங்குவதற்குக் காரணம் நிலையான வேலை இல்லாததே. ஒரு பாவில் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) பல சேலைகள் இறங்கும் என்பதால், ஒரு சேலைக்காக மட்டும் பாவு போட்டால் விலை கூடிவிடும். நாட்டிய வகுப்பில் இன்னும் சிலர் சேர்ந்து சொன்னால் எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சேலையை வெட்டாமல் மாதிரிக்காகத் தறிக்குக் கொண்டுவருகிறேன். டீச்சர் அம்மா, தங்கள் வகுப்பில் வேறு யாருக்கேனும் அரக்குக் கரை வேண்டுமென்றால், பாவு போடுவதற்கு முன் இங்கேயே தெரிவியுங்கள்.