ஆடி மாதச் சர்க்கரை

குழித்துறை பெண்:
களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் சபை. சில வருடங்களுக்கு முன், ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த கணவரை இழந்த அக்கா ஒருவர் சபைப் பெண்களின் குழுவான பெண்கள் ஐக்கியத்தில் உதவி கேட்டார். அரிசியும் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். மூன்றாம் மாதம் அவர் ஆராதனைக்கே வரவில்லை. கைநீட்டி வாங்கிய வீட்டாரின் முகத்தைப் பார்க்க வெட்கம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு சுட்டது.

எங்கள் ஐக்கியத்தில் மூத்த மாமி ஒருவர் இருக்கிறார். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. மையத்தில்தான் எங்கள் ஊர் ஆட்கள் மரப்பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றார்கள். மாமியின் அப்பாவும் அங்கே படித்தவர். மாமி தன் தேன்பெட்டிகளில் இரண்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், எறும்பு ஏறாமலிருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து நிறுத்தினார். "பயப்படாத பிள்ளே. மெதுவா திற. நீ பதறினா ஈயும் பதறும்."

அந்த வருடம் சனிக்கிழமை வேதபாடம் அக்கா வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஒருநாள் 2 தெசலோனிக்கேயர் 3:10 வந்தது: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." ஏழைகளைக் குத்திக்காட்ட இந்த வசனத்தை எடுப்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன், அது பெரிய அநியாயம். மாமி சொன்னார்: "இது மனசில்லாதவனுக்குச் சொன்னது பிள்ளே, வழியில்லாதவளுக்கு இல்ல. எழுதின பவுலே கூடாரம் பண்ணிப் பிழைச்சவருதான்." அக்கா அழுதுவிட்டார்.

மாசி, பங்குனியில் ரப்பர் துளிர்விடும்போது இலைக்காம்பில் மதுரம் என்ற இனிப்பு நீர் சுரக்கும். அப்போது பெட்டி நிறைந்துவிடும். மழைக்காலம்தான் சோதனை. ஈக்குத் தீனி கிடைக்காது. சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூட்டையே விட்டுப் போய்விடும். முதல் ஆடியில் அக்காவின் ஒரு பெட்டி அப்படித்தான் காலியானது. சர்க்கரை வாங்கக் காசில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. பெட்டியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நாங்கள் இருந்துவிட்டோம். அது எங்கள் தவறு. அதிலிருந்து இரண்டு மழைக்காலம் ஐக்கியக் காசில் சர்க்கரை போனது. மூன்றாவது மழைக்கு அவரே வாங்கினார். இப்போது அக்காவிடம் பதினெட்டுப் பெட்டி.

பாறசாலை தம்பி:
வழிபாட்டோடு தொழிலும் கற்றுக்கொடுப்பது எங்களிடமும் உண்டு. நாங்கள் கேரளப் பக்கத்துத் தமிழர், நாராயண குருவைக் கும்பிடும் குடும்பம். குரு 1888-இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் எங்களுக்குப் பக்கம்தான். அவருடைய சமாதி இருக்கும் சிவகிரிக்குப் போகும் யாத்திரைக்கு அவர் வகுத்த எட்டு நோக்கங்களில் இறைபக்தி ஒன்று. கல்வி, விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சியும் அதே வரிசையில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் தோற்ற என் அண்ணனுக்கு அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. குருவை வழிபடும் இடமான குருமந்திரத்தில் மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் வயரிங் வகுப்பு. மலையாளம் எழுதவராமல் நின்றுவிடப் பார்த்தான். ஆசான் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் தமிழில் எழுதி ஒட்டினார். இன்று அதே குருமந்திரத்தில் ஞாயிறுதோறும் அண்ணன்தான் சொல்லிக்கொடுக்கிறான்.

நாகர்கோவில் அம்மா:
குழித்துறை மகளே, உங்கள் மாமியை நினைத்ததும் என் பாட்டி ஞாபகம். பாட்டி லேஸ் பின்னுவார். லண்டன் மிஷனின் மால்ட் அம்மையார் 1820-களில் இங்கே பெண்கள் பள்ளியில் தொடங்கிய வேலை அது. எழுத்தும் வேதமும் காலையில், லேஸ் அதற்குப் பிறகு என்று பாட்டி சொல்வார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இங்கே இருந்தார்கள். பாட்டி லேஸ் பின்னிய திண்டும் நூல்கட்டைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் இருந்தால் வருகிறேன்.

குழித்துறை பெண்:
வாருங்கள் அம்மா. அக்காவின் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தேனீ என்றால் அவளுக்குப் பயம், ஊசிநூல் என்றால் உயிர். சனிக்கிழமை நாலு மணிக்கு அதே திண்ணைதான்.