புனைகாட்சி: அமைத்து எடுக்கும் கதைப்படத்துக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

இடத்தையும் பொழுதையும் முன்கூட்டியே தேர்ந்து, ஆளை நிறுத்தி, பொருள்களை அடுக்கி, ஒளியைக் கூட்டியும் குறைத்தும் ஒரே சட்டகத்துக்குள் ஒரு கதையின் மனநிலையைக் கொண்டுவரும் நிழற்பட வகைக்கு, நாம் தொகுத்துவரும் கலைச்சொற்பட்டியலுக்காக இதுவரை 'நாடகப் படம்', 'புனைபடம்', 'மெய்ப்பாட்டுப் படம்' என மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இங்கே பினாங்கில் படம் எடுக்கும் இளைஞர்களிடம் கேட்டால் 'செட்டப்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லில் யாரையோ மாட்டிவிட ஏற்பாடு செய்தது போன்ற வாடை அடிப்பதால் அதைக் கலைச்சொல்லாக ஏற்க எனக்கு மனமில்லை. நான் 'புனைகாட்சி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

'நாடகப் படம்' என்பதை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. மலேசியத் தமிழரிடம் நாடகம் என்றால் தொலைக்காட்சித் தொடர், படம் என்றால் திரைப்படம். இரண்டையும் சேர்த்தால் நிழற்படம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. 'புனைபடம்' என்பதற்கும் அதே இடர்தான். ஆவணப்படத்துக்கு எதிர்ச்சொல்லாகக் கதைத் திரைப்படத்தையே அது சுட்டும்.

ஈப்போ அன்பர் தந்த 'மெய்ப்பாட்டுப் படம்' அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. தொல்காப்பியத்தில் வேர்கொண்ட சொல், கேட்கவும் இனிமையாக இருக்கிறது. ஆனால் நகை முதல் உவகை வரையிலான எட்டு மெய்ப்பாடுகளும் உடலில் தோன்றுபவை. உள்ளத்து உணர்வு கண்ணிலும் முகத்திலும் மேனியிலும் புலப்படுவதையே அச்சொல் குறிக்கிறது. நாம் பெயர் தேடும் வகையிலோ, முகம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறதோ அவ்வளவு நன்றாகப் படம் அமைகிறது. அமெரிக்கரான கிரெகரி கிரூட்சனின் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் எதுவும் செய்யாமல், ஏறக்குறைய வெறித்த பார்வையோடு நிற்கிறார்கள். அந்தி வெளிச்சமும் சன்னல் விளக்கும் ஈரத் தெருவுமே அங்கே துயரத்தைச் சுமக்கின்றன. நடிப்பவரிடம் 'சோகமாகப் பாருங்கள்' என்று சொன்ன கணத்திலேயே படம் பாதி கெட்டுவிடும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மெய்ப்பாட்டைவிட இங்கே பொருந்துவது, அகப்பாடலுக்குச் சொல்லப்படும் முதல் (இடமும் பொழுதும்), கரு (அவ்விடத்துப் பொருள்கள்), உரி (பாடலின் உணர்வு) என்ற பகுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பினாங்குத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு அஞ்சடியில் (கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) ஒரு பெண் காத்திருப்பதாக ஒரு படத்தைத் திட்டமிடுவோம். காத்திருத்தல் உரிப்பொருள். மழை ஓய்ந்த மாலை முதற்பொருள். பாதி இழுத்து மூடிய மரக்கதவு, ஈரம் உலராத குடை, பெஞ்சின்மேல் திறக்கப்படாத தூக்குச்சட்டி ஆகியவை கருப்பொருள். காடு இல்லையே தவிர, கார்ப்பொழுதும் மாலையும் இருத்தலும் சேர்ந்துவிட்டதால் இது காத்திருத்தலைப் பாடும் முல்லைத் திணைதான். மூன்றையும் சொல்லும்போது பின்னதே முன்னதைவிடச் சிறந்தது என்கிறது தொல்காப்பியம். படத்தைத் திட்டமிடுபவரும் அதன்படி உரியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கு உதவாத கருப்பொருளை எல்லாம் சட்டகத்திலிருந்து அகற்றுவதே முறை. அஞ்சடியில் நிற்கும் மோட்டார்சைக்கிளும் சுவரில் ஒட்டிய தள்ளுபடி விளம்பரமும் அழகாகவே இருக்கலாம். காத்திருப்புக்கு அவை எதையும் சேர்ப்பதில்லை என்றால் நகர்த்தப்பட வேண்டியவையே.

ஒளிக்கும் இதே கணக்குத்தான். பினாங்கு ஏறத்தாழ 5 பாகை வட அட்சத்தில் இருப்பதால் கதிரவன் செங்குத்தாக இறங்குகிறது. 1982 முதல் நாடு முழுவதற்கும் கிழக்கு மலேசியாவின் நேரத்தைப் பின்பற்றுவதால் கடிகாரத்தில் அது 7 மணிக்குமேல் நிகழ்கிறது. மறைந்த பின் வானத்தில் நீலம் தங்குவது சுமார் 20 நிமிடம். கதவுக்குப் பின்னால் ஒரு விளக்கை மறைத்து வைத்து அதன்மேல் ஒளிக்கு நிறமேற்றும் செம்மஞ்சள் ஜெல் தாளைச் சுற்றிவிட்டால், வானத்தின் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் குறைய, விளக்கின் ஒளி மாறாமல் நிற்கிறது. இரண்டும் சமமாகும் சில நிமிடங்களில்தான் தரையின் ஈரத்தில் ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளும் சேர்ந்து தெரியும். கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 400 என்றும் வில்லைத் துளையை எஃப் 8 என்றும் வைத்துக்கொண்டால் அப்போது கால் நொடி அளவு திறப்பு நேரம் தேவைப்படலாம் என்பதால், முக்காலியில் கேமரா அசையாமல் இருப்பது மட்டும் போதாது; பெஞ்சில் இருப்பவரும் மூச்சடக்கி இருக்க வேண்டும். அந்த அசைவின்மையே காத்திருப்பாகப் படத்தில் இறங்கிவிடுவது இதில் கிடைக்கும் உபரி.

இவ்வளவு வேலையையும் ஒரே வினையில் அடக்க வேண்டுமானால் 'புனை'யைவிடத் தகுந்தது எனக்குத் தென்படவில்லை. கோவை அன்பர் இதற்கு ஒரு தடை எழுப்பியிருந்தார்: புனைவு என்றால் பொய் என்ற பொருள் வந்துவிடாதா என்பது. இன்றைய வழக்கில் அந்த நிழல் இருப்பது உண்மையே. ஆனால் மாலை புனைதலும் பா புனைதலும் பொய்யல்ல. தொடுத்தல், ஒப்பனை செய்தல், ஆக்குதல் என்பவையே அச்சொல்லின் மூத்த பொருள்கள். 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை, வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைச் சொல்கிறது. ஆக, படத்தொழிலோடு இவ்வினைக்கு உள்ள உறவு சங்ககாலத்தது.

பொய் என்ற தடையை வரலாற்றின் பக்கமிருந்தும் பார்க்கலாம். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரரான ஹிப்போலைட் பயார் தம்மை நீரில் மூழ்கி இறந்தவராக அமைத்துப் படம் எடுத்துவிட்டார். தம் நிழற்பட முறையைப் புறக்கணித்து, வேறொரு முறையைக் கண்டுபிடித்த டாகேருக்கு மட்டும் அரசு சிறப்புச் செய்ததற்கு அது அவருடைய முறையீடு. இறந்தவர் இறக்கவில்லை, மனக்குறை மட்டும் மெய். கனடாவின் ஜெஃப் வால், தெருவில் தாம் கண்ணால் கண்ட ஓர் இனவெறிச் சைகையை ஆட்களை வைத்து மீண்டும் நிகழ்த்தி 1982இல் படமாக்கினார். நடந்ததையே திரும்ப அமைத்தால் அதைப் பொய் என்பதா? 'புனை' இந்த இரண்டையும் தாங்கும். 'போலி', 'பாவனை' போன்றவை தாங்கா. அமெரிக்கத் திறனாய்வாளர் ஏ. டி. கோல்மன் 1976இல் இதை இயக்குநரின் செயலோடு இணைத்து 'இயக்குநர் முறை' என்னும் பொருளில் பெயரிட்டார். அது எடுப்பவரைச் சொல்கிறது, எடுக்கப்பட்டதைச் சொல்லவில்லை என்பதால் அதைத் தமிழாக்கிக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவில் நாள்தோறும் எடுக்கப்படும் திருமணத்துக்கு முந்தைய படங்களிலும் உடை, ஒளி, நிற்கும் விதம் எல்லாம் திட்டமிடப்பட்டவையே. ஆயினும் அங்கே மணமகள் மணமகளாகவே நிற்கிறார். கதையில் வரும் வேறொருத்தியாக நிற்கவில்லை. ஆகவே அது புனைகாட்சி ஆகாது. பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை எடுத்த தென்னிந்தியப் பெண்கள் வரிசையில் தாமே ஒவ்வொரு பெண்ணாகவும் மாறி நிற்கிறார், அது புனைகாட்சி. நிழற்படக் கலைஞர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்மறைத் தகடுகளை இணைத்து உருவாக்கிய படம் புனைகாட்சியாகவும் இருக்கிறது, தொகுப்புப்படமாகவும் இருக்கிறது. ஒன்று எதை அமைத்தார் என்பதையும் மற்றது எப்படி அச்சிட்டார் என்பதையும் குறிப்பதால் இரண்டு பெயரும் ஒரே படத்துக்குப் பொருந்துவதில் தவறில்லை.

எழுத்து முறையில் ஒரே ஒரு குறிப்பு. 'புனைகாட்சி' வினைத்தொகை, ஆதலால் 'புனைகதை'யில் மிகாதது போலவே இங்கும் ககரம் மிகாது. 'புனைக்காட்சி' என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். புனைந்தது, புனைவது, இனிப் புனையப்போவது என முக்காலத்துக்கும் இடம் தருவதால், எடுத்து முடித்த படத்தை மட்டுமின்றித் தாளில் வரைந்து வைத்திருக்கும் திட்டத்தையும் இப்பெயராலேயே அழைக்கலாம். எடுப்பவர் புனைகாட்சியர், செயல் காட்சிபுனைதல். 'புனைகாட்சிப் படம்' என்று நீட்டுவது, திரைப்படக் காட்சி என்ற குழப்பம் வரக்கூடிய இடங்களில் மட்டும் போதும்.

சொற்பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம் இது: 'புனைகாட்சி: ஒரு நிகழ்வையோ கதைத் தருணத்தையோ இடம், பொழுது, பொருள், ஆள், ஒளி ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்து ஒற்றை நிழற்படமாக எடுத்தது, அதில் தோன்றுபவர் தாமல்லாத ஒருவராகவோ, முன்பு நடந்த ஒன்றை மீண்டும் நிகழ்த்துபவராகவோ இருப்பார்.' ஆளே இல்லாமல் வெற்று அறையை மட்டும் அமைத்து எடுக்கும் படங்களை இந்த இரண்டாம் பகுதி வெளியே தள்ளிவிடுகிறது. அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று கருதுபவர்கள் மாற்றுத் தொடரை எழுதி அனுப்பினால் பட்டியலை இறுதி செய்வதற்குமுன் திருத்திக்கொள்ளலாம்.