மேசனுக்கு கனடாவில் கோப்பை கழுவும் பெர்மிட்: காசு கட்டலாமா?

வட்டக்கச்சி மேசன்:
அண்ணைமார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்த காலத்தில்தான் நான் சாந்தகப்பை பிடிக்கப் பழகினேன். இன்றைக்கும் கிளிநொச்சியில் வேலைக்குக் குறைவில்லை, நாள் கூலி 4,000. ஆனால் தங்கச்சியின் கலியாணக் கடன் இன்னும் கழுத்தில் நிற்கிறது. வவுனியாவில் ஒரு ஏஜென்ட், ஸ்காபரோவில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் வேலை, எல்எம்ஐஏ கையில் இருக்கிறது என்கிறார். மொத்தம் 45 லட்சம், வெள்ளிக்கிழமைக்குள் 15 முன்பணம். எங்கே தங்குவது என்று கேட்டேன். "அங்கை எங்கட சனம்தானே" என்றார்.

கனடாவில் வீடு போதாது, அதனால் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று செய்தியில் வருகிறது. வீடு போதாவிட்டால் மேசனை அல்லவா முதலில் கூப்பிட வேண்டும்?

ஸ்காபரோ குசினி:
தம்பி, வெள்ளிக்கிழமை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எல்எம்ஐஏ என்பது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி முதலாளி எடுக்கும் அனுமதி. கட்டணம் 1,000 டொலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. அப்புறம், 2024 செப்டம்பர் 26 முதல் வேலையின்மை 6 வீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கான விண்ணப்பங்களைக் கையிலேயே எடுப்பதில்லை. அந்தப் பட்டியலில் தொடக்கத்திலேயே ரொறன்ரோ இருந்தது. ஸ்காபரோ அதற்குள்தான். அப்படியானால் உங்கள் ஏஜென்டின் கையில் இருப்பது என்ன கடதாசி?

தங்குமிடக் கதையும் சொல்கிறேன். 2023 இல் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் ஆறு பேர், ஒரு அடுப்பு. நான் இரவு வேலை. பகல் வேலைக்காரர் எழும்பிப் போன மெத்தையில் அவருடைய சூடு ஆறுவதற்குள் நான் படுத்துவிடுவேன். அந்தக் காலத்தில் மாணவர்களும் தற்காலிக வேலையாட்களும் வந்த வேகத்துக்கு வீடு எழும்பவில்லை. அடுத்த ஆண்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டார்கள். 2025க்கு 5 லட்சம் என்றிருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கு 3,95,000 ஆக இறங்கியது.

முதலாளிமார் அழுதார்கள்தான். என் முதலாளி எட்டு வருடமாகப் பாத்திரம் கழுவும் மெசின் வாங்கக் காசில்லை என்றவர். கோப்பை கழுவிய இரண்டு பொடியன்களின் பெர்மிட் முடிந்து, புது ஆளும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், மூன்றாம் கிழமை மெசின் வந்து இறங்கியது! ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை யார் மெசினுக்குக் காசு விடுவார்?

உங்கள் கேள்வி நியாயமானது. கட்டட வேலைக்கு அந்தத் தடையில் விலக்கு உண்டு. விவசாயத்துக்கும் சுகாதாரத்துக்கும்கூட. ஆனால் இங்கே வீடு என்றால் பெரும்பாலும் பலகைச் சட்டம், உள்ளே ட்ரைவால் என்ற ஜிப்சம் பலகை. செங்கல் வெளியே தோல் மாதிரித்தான். உங்கள் கைவேலையை வேறு மாதிரிப் பழக வேண்டிவரும். எல்லாவற்றையும்விட, பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டியது. அவரோடு கொழுவினால் நினைத்தபடி அடுத்த கடைக்கு மாற முடியாது.

தருமபுரம் வயல்காரர்:
மெசின் கதை எங்கள் வயலிலும் நடந்ததுதான். காலபோக நெல் அறுவடையில் அரிவாளோடு வரிசையாக நின்ற சனம் இப்போது இல்லை. வெட்டு மெசின் வந்து பொழுது சாய முதல் முடித்துவிட்டுப் போகிறது. ஆனால் ஸ்காபரோ அண்ணை, எல்லாத்துக்கும் மெசின் வராது. எங்கள் ஊருக்குச் சுவர் பூச மெசினா வரும்? என் குசினி மூன்று மாதமாகப் பூசாமல் கிடக்கிறது. "நாளைக்கு வாறன்" என்ற மேசன் கட்டார் போய்விட்டான்.

தம்பி, ஏஜென்டிடம் உரிம இலக்கத்தைக் கேளும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அது சரியா என்று பாரும். இந்த வேலைக்கே அனுமதி எடுத்திருக்கிறாரா என்றும் விசாரியும். உரிமம் வைத்துக்கொண்டு இல்லாத வேலையை விற்கிறவர்களும் உண்டு. என் மச்சான் 12 லட்சம் இழந்ததோடு தப்பினான், அதுவும் காணியை ஈடு வைத்த காசு.

வட்டக்கச்சி மேசன்:
உரிம இலக்கம் கேட்டு வட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு நீலக் கோடும் விழுந்து நாலு மணித்தியாலம், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காசு கட்டப் போவதில்லை.

தருமபுரம் அண்ணை, குசினி எத்தனை சதுர அடி? மணல் பறித்துவிட்டீர்களா?