தங்கை சொல்லும் கதையில் அண்ணனின் ரகசியம்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாக என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் விடியற்காலை எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை எழுதுவேன். 22,000 சொற்கள்வரை நன்றாகவே வந்தது. இப்போது மூன்று வாரமாக ஒரே அத்தியாயத்தில் நிற்கிறேன்.

கதையைச் சொல்வது தங்கை, தன்மையில், அதாவது ‘நான்’ என்று. அண்ணன் வீட்டைவிட்டுப் போன காரணம் அவளுக்குத் தெரியாது. வாசகருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்பாதி வெறும் அழுகையாகிவிடும். அண்ணன் எழுதிய கடிதம் அவள் கையில் கிடைப்பதாக எழுதிப் பார்த்தேன். செயற்கையாக இருந்தது, அவன் கடிதம் எழுதுகிற ஆளே இல்லை. மொத்தத்தையும் படர்க்கைக்கு மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால் அவள் குரல் போய்விடும், அந்தக் குரலுக்காகத்தான் எழுதவே தொடங்கினேன். அண்ணனுக்குத் தனி அத்தியாயங்கள் கொடுப்பதென்றால், பாதிக் கதைக்குப் பிறகு திடீரென்று இன்னொரு குரல் வந்தால் வாசகர் ஏற்பார்களா?

இதற்கிடையில் ஓர் இதழுக்கு அனுப்பிய சிறுகதை நேற்றுத் திரும்பி வந்தது, காரணம் எதுவும் சொல்லாமல். மனம் சோர்ந்துதான் இருக்கிறது. இன்று காலையும் எழுத உட்கார்ந்தேன், இரண்டு பத்தி வந்தது.

இதே சிக்கலைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்து, எங்கே சலித்தது என்று ஒளிக்காமல் சொல்ல ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. பதிலுக்கு உங்கள் கையெழுத்துப் பிரதியை அதே அக்கறையோடு படித்துத் தருகிறேன்.