மறு: பெரிய பேசிக்கு ஒரு சொல் – ‘கைவாகு’, ‘விரல்வீச்சு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பேப்லட்டுக்கு, அதாவது கைப்பேசிக்கும் பலகைக் கணினிக்கும் இடைப்பட்ட பெரிய பேசிக்கு, தமிழ் கேட்டுத் தொடங்கிய இந்த உரையாடல் இழையை ஒரு வாரமாக வேலூரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பலகைப்பேசி, பெரும்பேசி, அகல்பேசி, சாண்பேசி என்று இதுவரை நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான்கும் கருவிக்கு வைத்த பெயர்கள். எனக்கென்னவோ இப்போது பெயர் இல்லாமல் தவிப்பது கைதான் என்று படுகிறது.

2011இல் 5.3 அங்குலத் திரையோடு கேலக்ஸி நோட் வந்தபோது அது விந்தையாகத் தெரிந்தது. அதே ஆண்டு வந்த ஐபோன் 4எஸ் 3.5 அங்குலம்தான். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் அப்போது வேண்டியிருந்தது. இன்று கடையில் போய் நின்றால் ஆறரை அங்குலத்துக்குக் கீழே எடுத்துக் காட்டுவதே அரிது. 2020இல் 5.4 அங்குலத்தில் ஐபோன் மினி வந்தது, அடுத்த ஆண்டு இன்னொன்று வந்தது, அத்தோடு அந்த வரிசை நின்றுவிட்டது. எல்லாமே பெரிதான பிறகு ‘பெரும்பேசி’ எதிலிருந்து எதைப் பிரித்துக் காட்டும்? ஆனால் “இதற்கு மேல் பெரிதானால் என்னால் ஆளமுடியாது” என்கிற எல்லை இன்னும் இருக்கிறது. அந்த எல்லையைச் சொல்லத்தான் நம்மிடம் சொல் இல்லை.

சொல் எனக்குக் குடியாத்தத்தில் கிடைத்தது. என் சித்தி அங்கே பீடி சுற்றுகிறார். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலை, தூள், நூல். இலையில் தூளைப் பரப்பிச் சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டும் வேகத்தைப் பார்த்தால் அந்த விரல்களுக்கு முடியாத வேலை ஏதாவது இருக்குமா என்று தோன்றும். போன பொங்கலுக்கு அவர் மகன் 6.7 அங்குலப் பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தான். சித்தி அதை இடது கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னாடா இது, பலவ மாதிரி கீது. கைக்கு வாகாவே இல்லியே.”

வாகு. கைக்கு வாகு. அரிவாள் வாங்கும்போதும், மண்வெட்டிக்குப் பிடி போடும்போதும், குழந்தையை இடுப்பில் மாற்றி வைக்கும்போதும் நாம் சொல்கிற சொல். ஒரு பொருளின் அளவு, எடை, வடிவம் மூன்றும் சேர்ந்து கைக்கு எப்படி அமைகின்றன என்பதை அது ஒன்றாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே ‘கைவாகு’ என்பதையே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன்.

பலகைப்பேசியை முன்மொழிந்த நண்பர் திரையின் அங்குலத்தை வைத்து வகை பிரித்திருந்தார். அங்குலம் இங்கே ஏமாற்றும். திரையின் அளவு என்று சொல்வது மூலைக்கு மூலை உள்ள நீளம். பழைய 16:9 வடிவத்தில் (உயரம் 16 பங்கு, அகலம் 9 பங்கு) 5.5 அங்குலத் திரையின் அகலம் 68.5 மில்லிமீட்டர். இன்றைய 20:9 வடிவத்தில் 6.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 67.8 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் கூடியும் அகலம் கூடவில்லை, வளர்ந்ததெல்லாம் உயரம். வெளிச்சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. 2014இல் வந்த ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலம், உடலின் அகலம் 77.8 மி.மீ. 2017இல் வந்த கேலக்ஸி எஸ்8 5.8 அங்குலம், அகலம் 68.1 மி.மீ. எண்ணில் பெரியதுதான் கையில் சிறியது! ஆம்பூரில் செருப்புக்கு எண் போடுகிறவர்கள் காலை வைத்துத்தான் போடுகிறார்கள், எவ்வளவு தோல் பிடித்தது என்று பார்த்து எண் போடுவதில்லை. பேசிக்கும் கையை வைத்து ஓர் அளவு வேண்டும்.

சாண்பேசி என்ற சொல் அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். அவரவர் கைக்கு அவரவர் சாண். சித்தியின் சாணையும் அந்தப் பேசியையும் அளந்தே பார்த்தேன், ஏறக்குறைய ஒரே நீளம். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. சாண் என்பது எதையும் பிடிக்காத, முழுதாக விரித்த கையின் அளவு. பேசியைப் பிடித்திருக்கும் கையில் கட்டைவிரல் அவ்வளவு தூரம் போகாது.

ஒரு கையால் பேசியைப் பிடிக்கும்போது நான்கு விரல்கள் ஒரு பக்கமும் கட்டைவிரல் எதிர்ப்பக்கமுமாக நிற்கின்றன. திரையைத் தொடக் கட்டைவிரல் எழுந்த நொடியில் எதிர்ப்பிடி போய்விடுகிறது. பேசி உள்ளங்கையிலும் மற்ற விரல்களிலும் சாய்ந்து நிற்கிறது, பலர் சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள். மேல்மூலையைத் தொட வேண்டுமானால் முழுப் பேசியையும் கைக்குள் கீழே நழுவவிட வேண்டும், அப்போது எடையில் பெரும்பகுதி கைக்குக் கீழே போய்விடும், பேசி கவிழப் பார்க்கும். நோக்கியா 1100 86 கிராம், அகலம் 46 மி.மீ. அதில் கட்டைவிரல் எங்கே போனாலும் பிடி தளராது. இன்று 230 கிராம் தாண்டிய பேசிகள் இருக்கின்றன.

கட்டைவிரலின் அருமை இந்த ஊருக்குத் தெரியும். 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்கள் மீண்டும் நிமிரவும் பிடிக்கவும் வழி செய்தார். அந்த மரபு வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் வளர்ந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்க முடிந்தால்தான் கை ஒரு குவளையைப் பிடிக்கும். அதே விரலிடம் நாம் இப்போது பிடிக்கவும் சொல்கிறோம், திரை முழுதும் போய்த் தொட்டு வரவும் சொல்கிறோம். இந்த இரண்டாவது வேலைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும்.

முதலில் ‘விரலெட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். “கை எட்டுகிறது” என்போம், சரி. ஆனால் “எட்டத்தில் நில்” என்றால் தள்ளி நில் என்று பொருள். தொடக்கூடிய இடத்தைக் குறிக்கும் சொல்லுக்குள் தொலைவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை விட்டுவிட்டேன். கட்டைவிரல் அடிமூட்டை மையமாக வைத்து வில்போல வளைந்துதான் நகர்கிறது. கைவீச்சு, வாள்வீச்சு என்று நமக்குப் பழகிய சொல்லே அதற்குப் பொருந்தும்: ‘விரல்வீச்சு’. பேசியின் அகலமும் எடையும் பெரும்பாலும் கைவாகைத் தீர்மானிக்கும். திரையின் உயரம் விரல்வீச்சுக்கு உள்ளே அடங்குமா என்பது வேறு கேள்வி. இன்றைய ஒல்லியான நெட்டைப் பேசிகள் பலவற்றில் கைவாகு இருக்கிறது, விரல்வீச்சுதான் போதவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாமல் போகும்.

‘கையடக்கம்’ ஏற்கெனவே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி என்பது நன்றாக வேரூன்றிய சொல், அதில் கைவைக்கக் கூடாது. எல்லாக் கைப்பேசிக்கும் அங்கே அதுதான் பெயர். அப்படியிருக்க “கைக்கு அடங்காத கையடக்கத் தொலைபேசி” என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

‘உடல்வாகு’ என்றால் உடலின் அமைப்பு, அதன்படி ‘கைவாகு’ என்றால் கையின் அமைப்பு என்றுதானே ஆகும் என்ற கேள்வி நாளை வரலாம். வரட்டும். ஒரே பேசி என் கையில் வாகாகவும் சித்தி கையில் வாகில்லாமலும் இருப்பதற்குக் காரணமே கையின் அமைப்புதான். இரண்டு பொருளும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன. வாகு என்றால் தோள், அது வடசொல் என்றும் சிலர் சொல்லக்கூடும். தோளைக் குறிக்கும் சொல் வடசொல்தான். சித்தி வாயில் வந்தது தோள் இல்லை. நெசவுத் தறியிலும் கழனியிலும் புழங்குகிற ஒரு சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “இந்தப் பேசி கைவாகு கடந்தது.” “பின்செல்லும் பொத்தான் விரல்வீச்சுக்கு வெளியே இருக்கிறது.” “செயலியை வடிவமைக்கும்போது அடிக்கடி தொடும் பொத்தான்களை விரல்வீச்சுக்குள் வையுங்கள்.” மூன்றும் தடையில்லாமல் ஓடுகின்றன. 2013இல் கைப்பேசிச் செயலி வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் பொது இடங்களில் மக்கள் பேசி பிடிப்பதை 1,333 முறை கவனித்துக் குறித்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒற்றைக் கையால் பயன்படுத்தினார்கள். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு கை மேல் கம்பியைப் பிடித்திருக்க மறு கையால் வழிகாட்டிப் படம் பார்க்கிறவருக்கு மூன்றாவது வாக்கியம் உண்மையில் உதவும். 2014இல் ஐபோன் 6 உடன் வந்த, திரையின் மேல்பாதியைக் கீழே இழுத்துவரும் வசதிக்கு ‘திரையிறக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. 2019இல் வந்த கேலக்ஸி ஃபோல்டு மூடியிருக்கும்போது 62.8 மி.மீ. அகலம், விரித்தால் 7.3 அங்குலம். மூடினால் கைவாகு, திறந்தால் இரண்டு கை. அதற்கு மடிபேசி என்று சிலர் எழுதுகிறார்கள். மடிக்கணினியில் மடி என்பது உட்கார்ந்தால் அமையும் மடி, இங்கே மடிப்பது. ஒரே சொல் இரண்டு கருவியில் இரண்டு பொருள் தருவது மாணவர்களைக் குழப்பும். எங்கள் பக்கம் மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி என்றுதான் சொல்வோம். ‘மடக்குபேசி’ என்று வைக்கலாமா? மற்ற மாவட்டங்களில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.